தேனில் ஊறவைத்தது கெடாதா?



ரமலான் முடிந்து பெருநாளும் கழிந்தபின் நம் வீடுகள் பலவற்றில் இரண்டு பொருள்கள் மிஞ்சி நிற்கும். ஒன்று பேரீச்சம்பழம், மற்றொன்று தேன். வளைகுடாவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்தது, சம்பந்தி வீட்டார் கொடுத்தது, உம்ரா போய் வந்தவர்கள் பகிர்ந்தது என்று அலமாரியில் அடுக்கியிருக்கும். அறக்கட்டளை அலுவலகத்துக்கு வரும் தாய்மார்கள் சிலர் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். பேரீச்சையைத் தேனில் போட்டு வைத்தால் அடுத்த நோன்பு வரை இருக்குமா? பூண்டைத் தேனில் ஊறவைக்கச் சொல்லி செல்போனில் வீடியோ வருகிறதே, செய்யலாமா? நெல்லிக்காயைத் தேனில் போட்டோம், பத்து நாளில் நுரைத்துவிட்டது, அதைச் சாப்பிடலாமா? மூன்றாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லி முடிக்க இயலாது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

திருக்குர்ஆனின் 16ஆவது அத்தியாயத்துக்கே 'அந்நஹ்ல்', அதாவது தேனீ என்று பெயர். அதன் 69ஆவது வசனம் தேனில் உள்ள நிவாரணத்தைப் பற்றிப் பேசுகிறது. அதில் நமக்கு எந்த ஐயமும் இல்லை. ஆனால் தேன் நிவாரணம் என்பது ஒரு விஷயம். தேனில் போட்ட எதுவும் கெடாது என்பது வேறு விஷயம். இரண்டாவதை எந்த வசனமும் சொல்லவில்லை. நாமாகச் சேர்த்துக்கொண்டது அது.

தேன் ஏன் கெடுவதில்லை என்பதை முதலில் பார்ப்போம். கருவாடு ஏன் கெடுவதில்லை, உப்புக்கண்டம் ஏன் மாதக்கணக்கில் இருக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால், ஈரம் இல்லை என்பார்கள். தேனுக்கும் அதே பதில்தான். பார்க்க நீர்மமாக இருப்பதால் நமக்கு அது தோன்றுவதில்லை. பூவிலிருந்து தேனீ உறிஞ்சி வரும் இனிப்பு நீரில் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம் வரை தண்ணீர்தான். அதைக் கூட்டுக்குக் கொண்டுவந்து, வாயிலிருந்து வாய்க்கு மாற்றி, அறைகளில் மெல்லியதாகப் பரப்பி, இறக்கைகளை ஓயாமல் விசிறி, தண்ணீரை ஆவியாக்குகின்றன தேனீக்கள். 17, 18 சதவீதம் அளவுக்கு நீர் வற்றியபிறகே அறையை மெழுகால் மூடி முத்திரை வைக்கின்றன. மீதி ஏறத்தாழ 80 சதவீதம் சர்க்கரை. அந்தச் சர்க்கரை, இருக்கும் கொஞ்சத் தண்ணீரையும் இறுகப் பிடித்துக்கொள்கிறது. கிருமி ஒன்று தேனில் விழுந்தால் அதற்குக் குடிக்கத் தண்ணீர் கிடைக்காது. கிடைக்காதது மட்டுமல்ல, அதன் உடம்பில் இருக்கும் தண்ணீரையும் தேன் வெளியே இழுத்துவிடும். ஊறுகாய் ஜாடியில் உப்பு செய்வதும் இதையேதான்.

உணவு விஞ்ஞானிகள் இதை ஓர் அளவுகோலால் சொல்கிறார்கள். ஒரு பொருளில் கிருமிகளுக்குக் கிடைக்கக்கூடிய நீர் எவ்வளவு என்பதற்கு 0 முதல் 1 வரை மதிப்பு. வெறும் தண்ணீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு 0.9க்கு மேல் வேண்டும். தேனின் மதிப்பு ஏறத்தாழ 0.6. இவ்வளவு வறண்ட இடத்தில், சர்க்கரையைத் தாங்கப் பழகிய சில ஈஸ்ட் வகைகளைத் தவிர வேறெதுவும் பெருக முடியாது. அந்த ஈஸ்ட்டை நினைவில் வையுங்கள், பிறகு வருவோம்.

சர்க்கரைப் பாகுக்கும் தேனுக்கும் இதில் என்ன வேறுபாடு என்று கேட்கலாம். நாம் கடையில் வாங்கும் வெள்ளைச் சர்க்கரை சாதாரண வெப்பத்தில் தண்ணீரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கரையாது. மிஞ்சியது அடியில் தங்கிவிடும். தேனில் இருப்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற இரண்டு சிறிய சர்க்கரைகள். இவை சேர்ந்து கரையும்போது 80 சதவீதத்தைத் தொட முடிகிறது. ஆகவே பாகை விடத் தேன் வறண்டது. இதோடு தேனுக்குப் புளிப்பும் உண்டு. இனிப்பு அதை மறைத்துவிடுவதால் நாக்குக்குத் தெரிவதில்லை. மேலும் தேனீயின் உடலிலிருந்து வரும் ஒரு நொதி, தேனில் கொஞ்சம் நீர் சேரும்போது ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. மருந்துக்கடையில் புண் கழுவ விற்கிறார்களே, அதே பொருள்தான், மிகச் சிறிய அளவில். ஆனால் சூடுபடுத்திய தேனில் அந்த நொதி அழிந்துபோகும். பழமும் இறைச்சியும் அந்தப் பெராக்சைடைச் சிதைத்துவிடும். எனவே உணவைப் பாதுகாக்க அதை நம்பியிருக்க வேண்டாம். தேனின் காவல் அதன் வறட்சியில் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் காவல் போய்விடும். நீங்கள் கேட்ட எல்லாக் கேள்விகளுக்கும் விடை இந்த இடத்திலிருந்துதான் புறப்படுகிறது.

இது பழைய காலத்தவருக்கும் தெரிந்தே இருந்தது. ரோமானியர்களின் சமையல் நூலான அபிகியுஸில், உப்பில்லாமல் இறைச்சியைப் புதிதாக வைத்திருக்க அதைத் தேனால் மூடிப் பாத்திரத்தைத் தொங்கவிடும் முறை வருகிறது. அந்த நூலே ஓர் எச்சரிக்கையும் தருகிறது: குளிர்காலத்தில்தான் இது நன்றாக நடக்கும், கோடையில் சில நாள்களே தாங்கும். இத்தாலியின் கோடையே இப்படி என்றால் நம் ஊர் சித்திரை வெயிலைச் சொல்லவா வேண்டும்! அதே நூலில் சீமைமாதுளம்பழத்தைக் காம்பும் இலையுமாகத் தேனில் இட்டுக் காக்கும் முறையும் இருக்கிறது. பக்கத்து நாடான இலங்கைக்கு வருவோம். கண்டி அரசில் 19 ஆண்டுகளுக்கு மேல் சிறைப்பட்டுக் கிடந்த ராபர்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681ல் லண்டனில் வெளியிட்ட நூலில், காட்டில் வாழும் வேடர்கள் மரப்பொந்தில் தேனை ஊற்றி, இறைச்சியை நிரப்பி, களிமண்ணால் அடைத்துப் பஞ்ச காலத்துக்கு வைத்துக்கொள்வதை எழுதியிருக்கிறார். அது உணவே கிடைக்காத காலத்துக்கான கடைசிச் சேமிப்பு. நம் அடுப்படிக்கான செய்முறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நமக்கு நெருக்கமான சான்று யுனானி வைத்தியத்தில் இருக்கிறது. ஹகீம்கள் கிண்டும் மஜூனில் மருந்துப் பொடியின் எடையைப் போல் சுமார் மூன்று மடங்கு தேன் சேர்ப்பது பழைய வழக்கம். தேனைச் சூடாக்கி, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டு, அதன் பிறகே பொடியைக் கலப்பார்கள். சித்த வைத்தியர்களின் லேகியத்திலும் இதே போக்குத்தான். இங்கே கவனிக்க வேண்டியது, உள்ளே போவது காய்ந்த, சலித்த பொடி. பச்சை வேரையோ பச்சை இலையையோ அரைத்து அப்படியே தேனில் போட்டு யாரும் மாதக்கணக்கில் வைக்கவில்லை. பேருந்து நிலையத்தில் விற்கும் இஞ்சி முரப்பாவைத் தெரியாதவர் இல்லை. அரபியில் ஜாமுக்கு இன்றும் 'முரப்பா' என்றுதான் பெயர். மதரஸாவில் அந்தச் சொல் வந்தபோது எங்கள் வகுப்பே சிரித்தது நினைவிருக்கிறது. இஞ்சி முரப்பாவில் கெடாமல் காப்பது, நீர் வற்றும் வரை காய்ச்சிய பாகு.

இனி எந்தத் தேன் என்ற கேள்வி. எல்லாத் தேனும் ஒரே அளவு வறண்டதல்ல. 20 சதவீதத்துக்கு மேல் நீர் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் தேன் புளிப்பதில்லை. அதற்கு மேலே ஏற ஏறப் புளிக்கும் வாய்ப்பும் ஏறுகிறது. மலைத்தேனீயின் கூட்டிலிருந்து, மெழுகு மூடாத அடையையும் சேர்த்துப் பிழிந்து எடுத்த தேன் பெரும்பாலும் நீர்த்தே இருக்கும். கொசுத்தேன் என்று பெரிய விலைக்கு விற்பதில் 25 சதவீதத்துக்கு மேல்கூட நீர் இருக்கும். அது அந்தத் தேனீயின் இயல்பு, கலப்படம் அல்ல. மருந்தாக ஒரு சொட்டு எடுத்துக்கொள்ள அதை வாங்குகிறவர்கள் வாங்கட்டும். ஆனால் பழம் ஊறவைக்க அது தகாது, விரைவில் நுரைத்துவிடும். பெட்டியில் வளர்க்கும் தேனீயின் கூட்டில், மூடி முத்திரையிட்ட அடையிலிருந்து எடுத்த கெட்டித் தேன்தான் இதற்கு ஏற்றது. கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் தோட்டங்களில் பெட்டி வைத்து எடுக்கும் தேன் பலருக்கும் பழக்கமானது. அங்கேயும் நீரின் அளவைக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். தேன் உற்பத்தியாளர்களிடம் அதை அளக்கச் சிறு கருவி இருக்கும்.

கலப்படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெல்லியில் உள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், பரிசோதித்த 13 நிறுவனத் தேன்களில் 3 மட்டுமே ஜெர்மனியில் செய்யப்பட்ட உயர்நிலைச் சோதனையில் தேறின. கலக்கப்படுவது வெல்லப்பாகு அல்ல, சாதாரணச் சோதனைகளில் சிக்காதபடி தயாரித்த சர்க்கரைப் பாகு. ஆகவே தண்ணீர்க் கிளாஸில் விட்டுப் பார்ப்பது, தீக்குச்சியில் தடவிக் கொளுத்துவது, எறும்பு மொய்க்கிறதா என்று காத்திருப்பது எல்லாம் இன்றைய கலப்படத்துக்கு முன் பயனற்றவை. தேன் உறைந்து சர்க்கரை போல் ஆனால் கலப்படம் என்பதும் தவறான எண்ணம். நல்ல தேனும் உறையும். கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் புட்டியை நிறுத்தி வைத்தால் இளகிவிடும். நேரே அடுப்பில் வைக்க வேண்டாம்.

சரி, ஊறவைப்போம். பேரீச்சம்பழத்திலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் அதுதான் எளிது. பேரீச்சை தானே சர்க்கரை மிகுந்த, நீர் குறைந்த பழம். தேனுக்கு அது நீரை அதிகம் விட்டுக்கொடுக்காது. கொட்டையை எடுத்து, உள்ளே பூச்சியோ பூசணமோ இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பிளந்து பாருங்கள். கழுவ வேண்டியிருந்தால் கழுவித் துணியில் பரப்பி, ஈரம் முற்றிலும் போகும் வரை உலர்த்துங்கள். வெந்நீரில் கழுவிக் காய்ந்த கண்ணாடி ஜாடியில் போட்டு, பழம் முழுகும்படி தேன் ஊற்றுங்கள். மிதக்கும் பழம் மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அங்கேதான் பூசணம் பிடிக்கும். முதல் வாரம் தினமும் ஜாடியைக் கவிழ்த்து எடுங்கள். உலர்ந்த அத்திப்பழம், பாதாம், வால்நட் ஆகியவற்றுக்கும் இதே முறை. இப்படி வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ரசம் நிறைந்த மென்மையான பேரீச்சை வகைகளை மட்டும் ஃபிரிட்ஜில் வையுங்கள்.

நெல்லிக்காய் அப்படி அல்ல. அதில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ தேனில் 18 சதவீதம் என்றால் 180 கிராம் நீர். அதில் கால் கிலோ பச்சை நெல்லிக்காயைப் போடுகிறோம். காய்க்குள் சுமார் 200 கிராம் நீர் இருக்கிறது. சர்க்கரை அந்த நீரை இழுக்கும். பாதி வெளியே வந்தாலே ஜாடியில் உள்ள நீர்மம் 1,100 கிராம் ஆகும்; அதில் நீர் 280 கிராம். 25 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தேன் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது இப்போது தேன் இல்லை, ஈஸ்ட்டுக்குப் பந்தி விரித்த இனிப்புத் தண்ணீர். பத்து நாளில் நுரைத்ததற்குக் காரணம் கை ராசியும் அல்ல, கண் திருஷ்டியும் அல்ல.

இதைச் சரியாகச் செய்ய வேண்டுமானால் நெல்லிக்காயை ஆவியில் லேசாக வேகவைத்து, சுளைகளாகப் பிரித்து, மெல்லிய துணி மூடி வெயிலில் இரண்டு மூன்று நாள் வாட்ட வேண்டும். தொட்டால் தோல் போல் இருக்க வேண்டும், கையில் ஈரம் ஒட்டக் கூடாது. அதன் பிறகு தேனில் போடுங்கள். ஒரு வாரம் கழித்துத் தேன் தண்ணீர் போல் இளகியிருந்தால் அதை வடித்துத் தனியே எடுத்து, ஃபிரிட்ஜில் வைத்துச் சில நாளில் குடித்துத் தீர்த்துவிட்டு, காய்க்குப் புதுத் தேன் ஊற்றுங்கள். செலவு கூடத்தான் செய்யும். அதனால்தான் கடைகளில் 'தேன் நெல்லி' என்று எழுதிய பல புட்டிகளின் பின்பக்கச் சீட்டைப் படித்தால் சர்க்கரை முன்னே நிற்கிறது. சர்க்கரைப் பாகில் ஊறியது கெட்டது என்று நான் சொல்லவில்லை. தேனுக்கான விலையைக் கொடுத்து அதை வாங்காதீர்கள் என்கிறேன். இஞ்சியையும் மெல்லியதாக நறுக்கி நிழலில் சுருங்கும் வரை உலர்த்தியே போட வேண்டும்.

பூண்டு விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. வீடியோக்களில் பச்சைப் பூண்டைத் தேனில் போட்டு, அலமாரியில் மாதக்கணக்கில் வைத்து, குமிழி வந்தால் நல்லது என்கிறார்கள். பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் பொட்டுலிசம் என்ற கொடிய நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். அந்த வித்து முளைக்க ஈரமும், காற்றில்லாத இடமும், புளிப்புக் குறைவும் வேண்டும். பூண்டுப் பல்லின் உட்புறத்தில் ஈரமும் உண்டு, புளிப்பும் இல்லை. தேனில் மூழ்கிக் கிடந்தால் காற்றும் இல்லை. தேனின் வறட்சியும் புளிப்பும் பல்லுக்குள் போய்ச் சேரும் வரை அது ஆபத்தான இடம்தான். செய்தே தீர வேண்டும் என்கிறவர்கள் சிறு புட்டியில் கொஞ்சமாகச் செய்து, முதல் நாளிலிருந்தே ஃபிரிட்ஜில் வைத்து, ஓரிரு வாரத்தில் முடித்துவிடுங்கள்.

நுரைத்த ஜாடிக்கு வருவோம். புட்டி குலுங்கியதால் மேலே மெல்லிய வெள்ளை நுரை நிற்பது வேறு. அது காற்றுக் குமிழி, இரண்டு நாளில் அடங்கும். அடியிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தால், மூடியைத் திறக்கும்போது 'டப்' என்று சத்தம் வந்தால், புளித்த மாவு வாடை அடித்தால், அது ஈஸ்ட் வேலை செய்வது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று இரண்டு பொருள்களை வெளியிடுகிறது. ஒன்று அந்தக் குமிழியாக வரும் வாயு, மற்றொன்று சாராயச் சத்து. உலகின் பழைய மதுக்களில் ஒன்று தேனைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவைத்ததுதான். யமன் நாட்டு மக்கள் தேனிலிருந்து 'பித்உ' என்ற பானத்தைச் செய்து வந்தார்கள். அங்கு அனுப்பப்பட்ட அபூமூஸா அல்அஷ்அரி (ரலி) அவர்கள் அதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டதும், போதை தருவது எதுவானாலும் ஹராம் என்ற பொது விதியே பதிலாகக் கிடைத்ததும் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியிருக்கிறது. மூலப்பொருள் தேன் என்பதால் அதற்கு விலக்கு அளிக்கப்படவில்லை.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. தேனில் புளிக்கவைத்தது உடம்புக்கு நல்லது என்று இப்போது பரவிவரும் செய்முறைகள் பலவற்றில், வேண்டுமென்றே தண்ணீர் சேர்த்து வாரக்கணக்கில் புளிக்க விடுகிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. வீட்டில் தற்செயலாக நுரைத்துப் புளித்த ஜாடியைக் காய்ச்சி மீட்க முயல வேண்டாம், கொட்டிவிடுங்கள். லேசாகத்தான் மாறியிருக்கிறது, கொட்ட மனமில்லை என்பவர்கள் பள்ளிவாசல் இமாமிடம் மஸ்அலா கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்மைப் போன்ற கடலோர ஊரில் இன்னொரு தொல்லை இருக்கிறது. தேன் காற்றிலுள்ள ஈரத்தையே உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மூடியை அரைகுறையாகத் திருகி வைத்தால் மேற்பரப்பு இளகி, அங்கே முதலில் புளிப்புத் தொடங்கும். ஈரக் கரண்டி, எச்சில் கரண்டி இரண்டும் கூடாது. தேனில் புளிப்பு இருப்பதால் பித்தளை, செம்பு, இரும்புப் பாத்திரங்களில் ஊறவைக்க வேண்டாம். கண்ணாடியே சிறந்தது. ஜாடியின் மேல் தேதி எழுதி ஒட்டுங்கள்.

தேன் மற்றொரு வகையிலும் உணவைக் காக்கிறது, அது கிருமியோடு தொடர்பில்லாதது. நறுக்கிய ஆப்பிள் பழுப்பாவது காற்றும் பழத்தின் நொதியும் சேர்ந்து செய்யும் வேலை. ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி தேனைக் கரைத்து, துண்டுகளைச் சில நிமிடம் போட்டு எடுத்தால் பள்ளிக்கூடத்தில் டப்பாவைத் திறக்கும் வரை நிறம் மாறாமல் இருக்கும். எலுமிச்சைச் சாற்றின் புளிப்புப் பிடிக்காத பிள்ளைகளுக்கு இது நல்ல வழி. அதேபோல் கொழுப்பில் சிக்கு வாடை ஏறுவதைத் தேன் தாமதப்படுத்துகிறது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002ல் அரைத்த வான்கோழி இறைச்சியில் இதைக் காட்டினார்கள். நிறமும் வாடையும் மாறாததாலேயே கிருமி இல்லை என்று ஆகிவிடாது. தேன் தண்ணீரில் முக்கிய ஆப்பிளை மறுநாள் வரை வெளியே வைத்துக் கொடுக்காதீர்கள்.

குர்பானி இறைச்சியைத் தேன் தடவி வெளியே வைக்கலாமா என்று சென்ற பெருநாளில் ஒரு சகோதரர் கேட்டார். கூடாது. பச்சை இறைச்சியில் நான்கில் மூன்று பங்கு நீர். எவ்வளவு தேன் ஊற்றினாலும் அது தோற்றுவிடும். மசாலாவோடு தேன் சேர்த்துப் பிசறியதும் ஃபிரிட்ஜில்தான் இருக்க வேண்டும். நீண்ட நாள் வைக்க ஃப்ரீசர், அது இல்லாவிட்டால் நம் பாட்டிமார்கள் போட்ட உப்புக்கண்டம்.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஒன்று. தேன் இயற்கையானது என்பதால் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது என்று எண்ணாதீர்கள், ஏற்றும். தேனில் ஊறிய பேரீச்சை இரட்டைச் சர்க்கரை. மருத்துவர் சொன்ன கணக்குக்குள் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, கைக்குழந்தைகள். இதைத் தாய்மார்களும், குறிப்பாக நன்னிமார்களும் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

தேனில் கிருமி பெருகாது என்று மேலே சொன்னேன். பெருகாது என்பதற்குச் செத்துவிடும் என்று பொருள் அல்ல. பூண்டைப் பற்றிச் சொல்லும்போது வந்த அதே பொட்டுலிசம் வித்துகள் தூசி வழியாகத் தேனிலும் வந்து சேரும். வறட்சியில் முளைக்காமல், ஆனால் சாகாமல், காத்துக் கிடக்கும். சுத்தமான தேன், மலைத்தேன், விலை உயர்ந்த தேன் எதுவும் இதற்கு விலக்கல்ல. கொதிக்கவைத்தாலும் அந்த வித்து சாவதில்லை. பெரியவர்கள் வயிற்றில் ஏற்கெனவே குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை முளைக்க விடுவதில்லை. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. அங்கே வித்து முளைத்து, நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்குகிறது. 1976ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குழந்தைகளிடம் இந்த நோய் இனங்காணப்பட்டது. தேனுக்கும் அதற்குமான தொடர்பும் அடுத்தடுத்த ஆண்டுகளில் உறுதியானது. ஒரு வயதுக்குள் தேன் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

நம் வீடுகளில் பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் இருக்கிறது. தஹ்னீக் சுன்னத்து என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். ஹதீஸ்களில் வருவது பேரீச்சம்பழம். அபூதல்ஹா (ரலி) அவர்களின் மகனுக்கும், அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்களுக்கும் நபி (ஸல்) அவர்கள் பேரீச்சையை மென்று மேல்வாயில் தடவினார்கள் என்பதே அறிவிப்பு. பேரீச்சை கிடைக்காதபோது வேறு இனிப்பு என்று அறிஞர்கள் சொன்ன இடத்தில்தான் தேன் வந்தது. இன்று எந்தக் கடையிலும் பேரீச்சை கிடைக்கிறது. சுன்னத்தை நிறைவேற்ற விரும்புகிறவர்கள் பிரசவம் பார்த்த மருத்துவரிடம் சொல்லிவிட்டு, கை கழுவி, நன்றாக மசித்த பேரீச்சையைத் துளியளவு தடவினால் போதும். தேன் வேண்டாம். சளிக்குத் துளசிச் சாற்றில் தேன், மலச்சிக்கலுக்குத் தேன், ரப்பர் நிப்பிளில் தேன் எதுவும் ஒரு வயது வரை கூடாது. தேனில் குழைத்த உரை மருந்தும் லேகியமும் கூட இதில் சேர்த்திதான்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டோமே என்று பதற வேண்டாம். தேன் தின்ற எல்லாக் குழந்தைக்கும் இது வருவதில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் இவற்றைக் கவனியுங்கள்: பல நாளாக மலம் போகாமல் இருப்பது, பால் குடிக்கும் வலு குறைவது, அழுகைக் குரல் மெலிவது, கண் இமை தொங்குவது, கழுத்து நில்லாமல் உடம்பு துணி போல் துவள்வது. இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டு வைத்தியம் பார்க்காமல் உடனே அரசுப் பொது மருத்துவமனைக்கோ குழந்தைகள் மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். உரிய காலத்தில் சேர்த்தால் பெரும்பாலான குழந்தைகள் குணமாகிவிடுகின்றன. குழந்தைக்குத் தேன் கொடுத்திருந்தால், என்றைக்கு, எவ்வளவு என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுத்தது நன்னியாக இருந்தாலும் சரி.

வஸ்ஸலாம்.

செயலாளர்